பாதியில் நின்ற ஆற்றல் பாடம்

மலைமேல் இருக்கும் கரியாலூர்ப் பள்ளிக்கு அறிவியல் டீச்சராக வந்த நூர்ஜகானுக்கு அது நாலாவது வருஷம். சொந்த ஊரான கள்ளக்குறிச்சிக்கே மாற்றல் கிடைக்காதா என்று ஒவ்வொரு மே மாதமும் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கார்த்திகைக் கடைசியில் ஏழாம் வகுப்புக்கு ஆற்றல் பாடம் தொடங்கினாள். வெப்பம், ஒளி, இயக்கம் என்று வடிவங்களைச் சொல்லிவிட்டு, ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒன்று இன்னொன்றாக மாறத்தான் செய்யும் என்றாள். பூமாலை எழுந்து நின்றாள். பேசவே பேசாத பெண்.

"எங்கப்பா நாள் பூரா வேலை செஞ்சிட்டு, ஒடம்புல ஒண்ணுமில்லன்னு படுத்துக்கினு கெடக்கறாரு. அழியாதுன்றீங்களே டீச்சர், அது எங்க போச்சி?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் நூர்ஜகான்.

மறுநாள் பாதி வகுப்பு காலி. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்ட அப்பா அம்மாவோடு விடியற்காலையிலேயே லாரி ஏறிப் போய்விட்டார்களாம். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் இந்த முறை அவளுக்கு மனசு ஆறவில்லை. பூமாலையும் போயிருந்தாள்; அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் பாக்கி இருந்தது. இரண்டு ஞாயிறு பொறுத்துப் பார்த்தாள். மூன்றாவது ஞாயிறு பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் இறங்கித் தன் வீட்டுப் பக்கம்கூடப் போகாமல் அடுத்த பஸ் பிடித்தாள்.

விசாரித்து விசாரித்துக் கரும்புக் காட்டைக் கண்டுபிடித்தாள். பூமாலை காய்ந்த கரும்புச் சோகையைக் கயிறாக முறுக்கிக் கரும்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கீறல். டீச்சரைப் பார்த்ததும் அந்தக் கையைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள்.

நூர்ஜகான் வரப்பில் உட்கார்ந்து பதிலைச் சொன்னாள். சாப்பாட்டில் இருந்த ஆற்றல் கையை அசைக்கிறது, கரும்புக் கட்டைத் தூக்குகிறது, முக்கால்வாசி உடம்புச் சூடாகி வெளியே போய்விடுகிறது. எல்லாம் சரியான பதில்தான்.

பூமாலை லாரிப் பக்கம் பார்த்தாள். அங்கே அவள் அப்பா இருசப்பன் தலையில் கரும்புக் கட்டோடு, லாரியில் சாய்த்திருந்த பலகை மேல் ஏறிக்கொண்டிருந்தார்.

"அப்போ எங்கப்பாவோடது காத்துல போயிடுச்சிங்களா?"

நூர்ஜகான் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். கிளம்பும்போது பூமாலை பஸ் ரோடு வரைக்கும் கூடவே வந்தாள்.

"பங்குனியில வந்துடுவோம். அந்தப் பாடத்த மட்டும் முடிச்சிடாதீங்க, டீச்சர்."

நூர்ஜகான் முடிக்கவில்லை. செடிகள், காந்தம், மண் என்று மற்ற பாடமெல்லாம் நடத்தினாள். தலைமையாசிரியர் காசிநாதன் இரண்டு தடவை கேட்டும் ஏதோ சாக்குச் சொன்னாள். பங்குனியில் லாரி திரும்பியது. பிள்ளைகள் கறுத்து இளைத்து வகுப்புக்கு வந்தார்கள். பூமாலை வரவில்லை. குடகில் காப்பித் தோட்டத்து வேலை என்று ஆள் வந்து கூப்பிட, இருசப்பன் குடும்பத்தோடு அப்படியே போய்விட்டதாக அவர்கள் பக்கத்து வீட்டுச் சாலம்மாள் சொன்னாள். விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வேறு வழியில்லாமல், மீதிப் பாடத்தை நடத்தினாள். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் மூன்றாவது வரிசையில் பூமாலை உட்காரும் இடம் கண்ணில் பட்டது.

ஜூனில் மாற்றல் உத்தரவு வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

"இதுக்குத்தானே நாலு வருஷமா துவா கேட்டுக்கினு இருந்தோம்" என்றாள் அவள் அம்மா மெகருன்னிசா. "இப்ப வேணாம்னா இன்னா அர்த்தம்?"

இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றாளே தவிர, காரணம் சொல்லவில்லை. குடகுக்குப் போனவர்கள் திரும்பும் நாட்களில், பள்ளி விட்டதும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், கடைசி ஆள் இறங்கும் வரைக்கும் நின்றுகொண்டிருப்பாள்.