ஆர்லன் போட்ட அட்டவணை

பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றை வாங்க ஆர்லன் டோலஃப்சனுக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அந்தப் பதினான்கு மாதமும் பாத்திரம் தேய்த்தவள் அவன் மனைவி மார்லிஸ். அதனால், அவளுக்கு ஒரு கார்பைன் துப்பாக்கி வாங்கித் தருகிறேன் என்று மே மாதத்தில் அவன் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தபோதே இது லேசில் முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பதினோரு வருடமாக, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, சனிக்கிழமை தவறாமல் கிளப் மைதானத்தில் கைத்துப்பாக்கியால் இரும்புத் தட்டுகளைக் குறிபார்த்துச் சுடுகிறவள் அவள். முப்பது வருடம் பல் மருத்துவமனையில் ஊரார் பல்லைச் சுரண்டி வலது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துபோயிற்று. மார்ச்சில் அறுவை சிகிச்சை. இனிமேல் கைத்துப்பாக்கி உதைக்கும் உதை அந்த மூட்டுக்கு ஆகாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். கார்பைன் என்றால் கதை வேறு. அதே சின்னத் தோட்டாதான், ஆனால் நீளக் குழல், தோளில் ஊன்றிக்கொள்ளலாம், கட்டைவிரலுக்குப் பெரிய வேலையில்லை.

கிளப்பில் ஒரு விதி உண்டு. சனிக்கிழமை அணியில் இருப்பவர் ஒரு பருவத்தில் ஒரு முறையாவது சுட்டுக் கணக்கில் ஏற வேண்டும். ஏறாதவர் இடம் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். பட்டியலில் நாற்பது பேர். வருடத்துக்கு ஆறேழு பேர் உள்ளே வந்தால் அதிகம். மார்லிஸுக்கு வயது அறுபத்தொன்று. வாரத்தில் ஆறு நாளும் அவள் யாருக்காவது எதையாவது செய்துகொண்டிருப்பவள். சனிக்கிழமை காலையில் மட்டும், மணி ஒலித்துக் கடைசித் தட்டு கிணுங்கும் வரை, அந்த நாலைந்து விநாடிக்கு அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆர்லன் மாவட்டச் சாலைத் துறையில் நில அளவையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அளக்காத எதையும் நம்ப மாட்டான். தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கியும், கடையில் வாடகைக்கு எடுத்தும், ஒன்பது கார்பைன்களைச் சேர்த்தான். ஒவ்வொன்றையும் மேசைமேல் மணல் பையில் கிடத்தி, ஐம்பது கெஜத்தில் முப்பது தோட்டா சுட்டு, துளைகளுக்கு நடுவே அளவுகோல் வைத்து அளந்தான். எடை, நீளம், குழல் நீளம், விசையின் இறுக்கம், மடிக்க முடியுமா, எத்தனை தோட்டா கொள்ளும் என்று அட்டவணையில் இருபத்திரண்டு கட்டம். மார்லிஸையும் சுடச் சொன்னான். பாவம், கையில் தையல் பிரித்தவள் என்று ஒவ்வொரு முறையும் தானே தோட்டா அடைத்த மேகசினைச் செருகி, கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை ஏற்றி, குழந்தைக்குப் பால்புட்டி கொடுப்பது போல அவள் கையில் கொடுத்தான். அவள் சுட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் வாங்கிக்கொண்டான்.

ஜூலையிலேயே அவள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அவள் அணியில் சுடும் ராக்ஸன் ஜீலின்ஸ்கியின் கார்பைன். கொஞ்சம் கனம். ஆனால் தோளில் வைத்தால் சும்மா ஒரு தட்டுத் தட்டுவது மாதிரிதான் உதை. மற்றவற்றில் பாதி, சின்னத் தோட்டாவுக்கு இவ்வளவு முரட்டுத்தனமா என்று கேட்க வைத்தன.

"ராக்ஸனோடது நல்லா இருக்கு ஆர்லன். அதையே வாங்கிடலாம்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலாவது எடத்துலதான் வருது."

"ஏன்?"

"உன் கைத்துப்பாக்கியோட மேகசின் அதுல சேராது. உன்கிட்ட எட்டு மேகசின் சும்மா கிடக்கு. ரெண்டுக்கும் ஒரே மேகசின்னா எவ்வளவு வசதி!"

"கைத்துப்பாக்கியே சுட முடியாதவளுக்கு அதோட மேகசின் சேர்ந்தா என்ன, சேராட்டி என்ன?"

ஆர்லன் யோசித்தான். நோட்டைப் புரட்டினான். "அது பதினேழாவது கட்டம். அந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டா மொத்தத்தையும் திரும்பக் கூட்டணும்" என்றான்.

மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் இவ்வளவு பாடுபடுவது தனக்காகத்தானே என்கிற நினைப்பு வந்து வாயை அடைத்தது. அந்த நினைப்புதான் முப்பத்தாறு வருடமாக அவள் வாயை அடைத்துவந்தது. ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பர் போயிற்று. ராக்ஸனிடம் இரவல் வாங்கி ஒரு சனிக்கிழமை சுட்டிருக்கலாம். ஆர்லனோ, வேறொன்றில் கை பழகிவிட்டால் புதியது படியாது, அடுத்த வாரம் முடிவெடுத்துவிடுவேன் என்றான். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னான், அவளும் நம்பினாள். அதற்காக இன்றுவரை அவள் தன்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறாள்.

ஒரு வழியாகப் பருவத்தின் கடைசிச் சனிக்கிழமைக்கு நான்கு நாள் முன்பு துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. கறுப்பாக, கச்சிதமாக, எடை குறைவாக இருந்தது. எட்டு மேகசினும் கனகச்சிதமாகச் சேர்ந்தன. ஆர்லனே எண்ணெய் போட்டான், ஆர்லனே மைதானத்துக்குக் கொண்டுபோய்க் குறி சரிபார்த்தான். "உனக்கு ஒரு வேலையும் வைக்கல. போய் நின்னு சுட வேண்டியதுதான்" என்றான் பெருமையாக.

சனிக்கிழமை காலை புல்லெல்லாம் உறைபனி. அடுத்த வாரம் மான் வேட்டைக்காரர்கள் துப்பாக்கி சரிபார்க்க வந்துவிடுவார்கள், இனி ஏப்ரலில்தான் தட்டுச் சுடுதல். சுடும் கோட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருபது பேர் காப்பிக் குவளையோடு நின்று காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டருகே நேரம் குறிக்கும் மணிக்கருவியோடு நின்றவர் டுவேன் கோபெக்கி, அன்றைய மேற்பார்வையாளர். அந்தக் கிளப்பில் விதி என்றால் அவர், அவர் என்றால் விதி. கோட்டில் நிற்பவரின் துப்பாக்கியை இன்னொருவர் தொட்டால் சுடுகிறவருக்கு அன்றைய கணக்கு ரத்து. இரண்டு வருடம் முன்பு அவருடைய சொந்த மைத்துனரையே அப்படி வீட்டுக்கு அனுப்பியவர்.

"மார்லிஸ்! ஏழு மாசமா ஆளையே காணோம். வா, வா. ஏத்திக்கிட்டுத் தயாராகு."

அவள் கோட்டில் போய் நின்றாள். ஐந்து தட்டும் வெள்ளை அடித்துப் பளிச்சென்று நின்றன. மேகசினைச் செருகினாள். பின்பக்கம் இருந்த கைப்பிடியை இரண்டு விரலால் பற்றி இழுத்தாள்.

அது வரவில்லை.

மறுபடி இழுத்தாள். அரை அங்குலம் வந்தது, வந்த வேகத்தில் திரும்பிப் போயிற்று. உள்ளே இருப்பது கனத்த இரும்புக் கட்டையும் முரட்டுச் சுருள்வில்லும். அதை இழுக்க நல்ல கட்டைவிரல் வேண்டும். மூன்றாவது முறை இழுத்தபோது மூட்டில் சுரீரென்று வலி முழங்கைவரை ஓடியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்பது துப்பாக்கியில், ஐந்து மாதத்தில், இந்த ஒரு காரியத்தைத் தான் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அவனே இழுத்துக் கொடுத்தான்.

"அவசரமில்ல மார்லிஸ். மணி அடிக்கிறதுக்கு முன்னால எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்கோ" என்றார் டுவேன்.

கயிற்றுக்குப் பின்னாலிருந்து ராக்ஸன் கத்தினாள். "ஏண்டி கைய ஒடச்சுக்கிற? அந்தச் சனியனக் கீழ வை! என்னோடத எடுத்துக்கோ. டுவேன், மாத்திக்கலாம்ல?"

"மாத்திக்கலாம். இன்னும் தோட்டா ஏறலையே. தாராளமா மாத்திக்கலாம்."

மார்லிஸுக்கு உயிர் வந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"இருங்க, இருங்க, எதுக்கு மாத்தணும்? ஒரு இழுப்புதான்" என்று பின்னால் குரல் கேட்டது. கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்த ஆர்லன், ஐந்து மாதப் பழக்கத்தில், அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டான். சடக்கென்று தோட்டா ஏறியது. "இப்ப சுடு" என்றான், முதுகில் ஒரு தட்டுத் தட்டி.

"நிறுத்து!"

டுவேனின் சத்தத்தில் காப்பிக் குவளைகளெல்லாம் அசையாமல் நின்றன. "ஆர்லன், பின்னால போ. மார்லிஸ், குழல் எதிர இருக்கிற மண்மேட்டையே பாக்கட்டும், விரல வெளிய வை." ஏறிய தோட்டாவை வெளியே எடுக்கவும் அதே கைப்பிடியைத்தான் இழுத்தாக வேண்டும். அதையும் அவளால் செய்ய முடியாது என்பதால் டுவேனே செய்தார். தோட்டாவைத் தன் சட்டைப் பையில் போட்டார். "என்னால ஒண்ணும் பண்ண முடியாது மார்லிஸ். என் மச்சான் இன்னும் எங்கூடப் பேசறதில்ல. உனக்கு மட்டும் வேற மாதிரி செஞ்சா நான் இந்த வேலைக்கே லாயக்கில்ல."

"தெரியும்" என்றாள்.

அவர் கணக்குப் பலகையில் அவள் பெயரின் மேல் கோடு இழுத்தார். காத்திருப்புப் பட்டியலில் நாற்பத்தொன்றாவதாக எழுதினார். எழுதும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டி நிறுத்தும் இடம்வரை ஆர்லன் பின்னாலேயே வந்தான். "உதவி பண்ணத்தான வந்தேன். நீ கஷ்டப்பட்டுக்கிட்டு நிக்கிறப்ப என்னால சும்மா பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?"

"நோட்ட எடு."

"எது?"

"அட்டவணை. சட்டைப் பையிலதான வெச்சிருப்ப? எடு."

எடுத்தான்.

"எத்தன கட்டம்?"

"இருபத்திரண்டு."

"அதுல என் கை எந்தக் கட்டத்துல இருக்கு?"

அவன் உண்மையிலேயே தேடினான். அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, உறைபனியில் நின்றுகொண்டு, பென்சில் முனையால் ஒவ்வொரு தலைப்பாகத் தொட்டுக்கொண்டு போனான். எடை. நீளம். மேகசின். தாளைத் திருப்பினான். மறுபடி முதலிலிருந்து வந்தான். பிறகு நோட்டை மூடினான்.

"நீ நல்லவன்தான்" என்றாள் மார்லிஸ். "அதனாலதான் இத்தன வருஷமா ஒண்ணும் சொல்ல முடியாமத் தவிக்கிறேன். நீயும் மத்தவங்க புருஷன் மாதிரி எக்கேடோ கெட்டுப் போன்னு விட்டிருந்தா, நானே இழுத்துப் பாத்திருப்பேன். நாலு வாட்டி திட்டியிருப்பேன். ராக்ஸனோடத வாங்கியிருப்பேன். என் எடம் போயிருக்காது."

மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் மைதானத்துக்குத் திரும்பி நடந்தாள். கடைசி ஆள் சுட்டு முடித்திருந்தான், தட்டுகளை இன்னும் எடுக்கவில்லை. டுவேனிடம், கணக்கில்லாமல் ஒரு சுற்று சுடலாமா என்று கேட்டாள். கணக்கில்லாமல் நாள் முழுக்கச் சுடு என்றார் அவர். ராக்ஸன் தன் கார்பைனையும் அதற்கான மேகசின்களையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் விலகினாள். ராக்ஸன் பேசாமல் விலகுவது அந்தக் கிளப்பில் அபூர்வம்.

அதன் கைப்பிடி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. விரல் வேண்டாம், உள்ளங்கையின் அடியால் பின்னுக்குத் தள்ளினால் போதும். மார்லிஸ் மேகசினைச் செருகிவிட்டுத் தள்ளினாள். பாதி வந்து நின்றது. பின்னால் சரளைக்கல்லில் காலடி கேட்டது.

அவள் திரும்பவில்லை. "ஆர்லன், கைய பாக்கெட்ல வை."

"நான் ஒண்ணும்..."

"ரெண்டு கையையும்."

காலடி நின்றது. அவள் காலை அகட்டி ஊன்றி, மூச்சை இழுத்து, மறுபடி தள்ளினாள். கைப்பிடி கடைசிவரை போயிற்று, தோட்டா ஏறியது. டுவேன் மணியை அடித்தார். முதல் குண்டு தட்டுக்குக் கீழே மண்ணில் போயிற்று. இந்தத் துப்பாக்கிகளில் குறிக்கண்ணாடி குழலுக்கு மேலே உயர்ந்து நிற்கிறது, கிட்டத்தில் சுட்டால் குண்டு இறங்கித்தான் போகும். அதை மறந்துபோயிருந்தாள். கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். அதற்குப் பிறகு ஐந்து தட்டும் கிணுங்கின. ஒன்பது விநாடிக்கு மேல் ஆயிற்று, மோசமான நேரம். பலகையில் யாரும் எழுதவில்லை.

ராக்ஸன் விசிலடித்தாள். இரண்டு மூன்று பேர் குவளையை இடுக்கிக்கொண்டு கைதட்டினார்கள். ஆர்லன் கயிற்றுக்குப் பின்னால், இரண்டு கையும் பாக்கெட்டில், அப்படியே நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் கைதட்ட ஆசையாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. மார்லிஸ் அவனைப் பார்த்தாள். கையை எடு என்று சொல்லவில்லை. திரும்பி அடுத்த மேகசினைச் செருகினாள்.