பன்னிரண்டு நிமிட மன்னிப்பு

கடலையும் மணலையும் பார்த்துப் பார்த்து வெளிநாட்டுக்காரர்களுக்குச் சலித்துவிட்டதாம். கடற்கரை ஓட்டல்காரர்கள் நாலோமாவுக்கே வந்து அப்படிச் சொன்னார்கள். மலைக்குள், ஆற்றோடு இரண்டு மணி நேரம் படகில் வரவேண்டிய ஊர் நாலோமா. இதுவரை அங்கே வலிய வந்த விருந்தாளி என்றால் கொசு மட்டும்தான். இப்போது ஃபிஜியின் உண்மையான வாழ்க்கை அங்கேதான் இருக்கிறதென்று வாரம் இரண்டு படகு ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

அவர்களுக்கு எதைக் காட்டுவது என்று யோசித்தவள் லிதியா. ஊரில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவள், கெட்டிக்காரி. மண்ணடுப்பில் வெந்த சேம்பும் கோழியும் எல்லா ஊரிலும் உண்டு. மன்னிப்புக் கேட்கும் சடங்கைக் காட்டலாம் என்றாள். தப்புச் செய்தவன் திமிங்கலப் பல்லை இரு கையிலும் ஏந்தி, தலை குனிந்து வந்து உட்காருவான். பாதிக்கப்பட்ட வீட்டின் தலைவர் அந்தப் பல்லை வாங்கிவிட்டால் விஷயம் புதைந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது.

நிஜத்தில் இதற்கு அரை நாள் ஆகும். குற்றவாளி சார்பில் பேச ஆள் வருவார், உறவுக்காரர்கள் பத்துப் பேர் வருவார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? லிதியா எல்லாவற்றையும் நறுக்கிப் பன்னிரண்டு நிமிடமாக்கினாள். பேசவும் ஏந்தவும் ஒரே ஆள், மரத்தில் செதுக்கிய பல், குற்றம் பன்றித் திருட்டு. வாங்கிக்கொள்ளும் தலைவர் அவளுடைய அப்பா அபோரோசா. திருடனாக வருபவன் சித்தப்பா மகன் மனாசா. எட்டு மாதமாக அதே பன்றியைத் திருடிக்கொண்டிருந்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை. பாய்மேல் இருபத்திரண்டு பேர் முழங்கால் வலிக்க உட்கார்ந்திருந்தார்கள். லிதியா அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, பன்றி காணாமல் போன கதையைச் சொல்லி முடித்தாள்.

"இப்ப அந்தத் திருடன் வர்றான்."

வாசலில் தலையைக் குனிந்துகொண்டு ஒருவன் முழங்காலில் நகர்ந்து வந்தான். மனாசா இவ்வளவு ஒல்லி இல்லையே என்று நினைத்தாள். அவன் நிமிர்ந்தான். அது சமிசோனி.

மனாசா வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றிருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆறு கரைபுரண்ட நாளில், குடித்துவிட்டு அவளுடைய தம்பி எரோனியைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாறையில் மோதியவன் சமிசோனி. அவன் நீந்திக் கரையேறினான். எரோனியின் உடல் மூன்றாம் நாள்தான் கிடைத்தது. சிறைக்குப் போய்வந்த பின் சமிசோனி உறவுக்காரர்களோடு இரண்டு முறை பல் கொண்டுவந்தான். இரண்டு முறையும் லிதியா படகுத்துறையிலேயே நின்று திருப்பி அனுப்பினாள். நான் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பல் எங்கள் வாசற்படி ஏறாது என்று ஊரறியச் சொன்னவள் அவள்.

ஆனால் செவ்வாயும் வியாழனும் இந்த வாசல் யாருக்கும் திறந்திருக்கும். திறந்து வைத்தவளும் அவள்தான்.

மரப்பல்லாக இருக்கட்டும் என்று அவன் கையைப் பார்த்தாள். மரமில்லை. எண்ணெய் பூசிப் பூசிப் பழுத்த நிஜப்பல், நார்க்கயிறோடு.

"பேச எனக்கு இப்ப ஆள் இல்ல," என்றான் சமிசோனி. "தனியாளா வந்து பேசலாம்னு இந்த வீட்டுலயே காட்டுறீங்க, அதான் வந்தேன். எரோனிய நான்தான் கொன்னேன். குடிச்சிருந்தேன். அவன் வேண்டாம்னு சொன்னான், நான்தான் கேக்கல."

தம்பி வேண்டாமென்று சொன்னது லிதியாவுக்கு இன்றுதான் தெரிந்தது. வந்திருந்த இருபத்திரண்டு பேரும் மொழிபெயர்ப்புக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மொழிபெயர்க்கவில்லை.

"அப்பா, வாங்காதீங்க," என்றாள் மெதுவாக.

அபோரோசா பல்லைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வாரம் இரண்டு முறை சொல்லும் அதே சொற்களை, குரல் உடைந்து உடைந்து, முழுதாகச் சொல்லி முடித்தார். ஊர்க்காரர்கள் உள்ளங்கையைக் குவித்து மூன்று முறை தட்டினார்கள். அதைப் பார்த்து விருந்தாளிகள் ஓட்டல் பாணியில் படபடவென்று கைதட்டினார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

சடங்கு முடிந்தால் எல்லாரும் குடிக்கும் யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணம் சுற்றத் தொடங்கியதும் லிதியா அப்பாவைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஆளுங்க முன்னாடி மறுக்க வெக்கமா? வெள்ளக்காரங்களுக்காகத் தம்பிய வித்துட்டீங்களா?"

"அவங்க இருந்ததே எனக்கு மறந்துபோச்சு."

"பின்ன ஏன்ப்பா?"

"நீதானம்மா எட்டு மாசமா என்ன உக்கார வெச்ச. இல்லாத பன்னிக்கு, செய்யாத தப்புக்கு, 'உன்ன மன்னிச்சேன், உன் மனசு லேசாகட்டும்'னு அறுபது தடவ சொல்லிட்டேன். நெசமாவே தப்பு பண்ணவன் வந்து உக்காரும்போது, இது உனக்கு இல்லடான்னு நான் எந்த வாயால சொல்றது?"

லிதியாவின் கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதை இனி யாரிடம் காட்டுவது? சடங்கு முடிந்துவிட்டது. அந்த வீட்டில் எரோனியின் சாவைப் பற்றி அவள் பேசக்கூடியதெல்லாம் அத்தோடு முடிந்தது.

அபோரோசா உள்ளே போனார். ஓட்டல் வழிகாட்டி ஹேமராஜ் முகமெல்லாம் பல்லாக வந்தான். கடற்கரையில் பிறந்து வளர்ந்த இந்தியப் பையன். உள்ளே ஊர்மொழியில் பேசியதில் ஒரு சொல்லும் அவனுக்குப் புரிந்திருக்காது.

"அக்கா, அசத்திட்டீங்க. நீங்க மொழிபெயர்க்காம விட்டது இன்னும் நல்லா இருந்துச்சு. மனாசாவ விடுங்க, வியாழக்கிழமயும் இவரையே வரச்சொல்லுங்க. என்னமா அழறாரு."

"இவன் வரமாட்டான்."

"அய்யோ, ஏன்க்கா? கூடக் காசு ஏதாச்சும் கேக்குறாரா?"

தம்பியைக் கொன்றவன் என்று சொல்ல லிதியா வாயைத் திறந்தாள். இந்த வீட்டில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாதென்பது அப்போதுதான் உறைத்தது.

"சொல்லுங்கக்கா, அவரு என்னதான் பண்ணாரு?"

"பன்னி திருடினான்," என்றாள் லிதியா.