குழியில்லை, மடு

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து வந்தது. அதுவும் திருடிய சொல். ஆம்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாள், தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்யும் தன் புருஷன் கழுத்தருகே மூக்கைக் கொண்டுபோனாள். "போச்சா?" என்றான் அவன், பரீட்சை எழுதியவன் மாதிரி. அவள் சொன்ன பதில் சாம்பார் வாளிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

கதையை 1927-க்குத் தள்ளினேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அந்த இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அவனுக்குக் கை பலம் ஜாஸ்தி.

2

முதல் தொடக்கம்: "கதிரவன் தன் பொற்கரங்களால் ஜவ்வாது மலையைத் தழுவி..."

வேண்டாம். சித்திரை மாதம் அந்தப் பாறையில் வெறுங்காலோடு ஏறியவன் இப்படி எழுதமாட்டான்.

இரண்டாவது: "தனகோடி தாய்வீடு திரும்பியதற்குக் காரணம், அவள் புருஷன் வேலாயுதம் குடித்துவிட்டு அடித்த..."

இதுவும் வேண்டாம். வேலாயுதம் குடிப்பான். குடிக்காமல் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவனை நான் பார்த்ததில்லை. ஆனால் அடித்ததில்லை. உங்களுக்குச் சுலபமாகப் புரியட்டும் என்று ஒரு நல்லவன் மேல் பழி போட எனக்கு மனசில்லை.

மூன்றாவது இருக்கட்டும்:

தனகோடி தாய்வீடு திரும்பியது நாற்றத்தால்.

அவள் அமிர்திக் காட்டோரத்தில் ஆற்று மடுவில் குதித்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஆம்பூர் போனால், ஒரு நாளைக்கு இரண்டு குடம் தண்ணீர். பக்கத்தில் படுத்தவன் உடம்பில் சுண்ணாம்பு, ஊறின மாட்டுத்தோல், தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டை. ஆறு மாதம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒருநாள் அவன் ஆசையாக ஒரு கவளத்தை உருட்டி நீட்டினான். அவள் வாய் தானாக மூடிக்கொண்டது.

"இன்னா, கையா?" என்றான்.

 மறுநாள் தாய்வீட்டுக்குப் போகக் காட்பாடிக்கு ரயிலேறினாள்.

(நாற்றத்துக்காக ஒருத்தி போவாளா என்று கேட்பீர்கள். நானும் அவளிடமே கேட்டேன். "அந்தப் பாயில ஒரு வாரம் பட்த்துப் பாரு, அப்புறம் எழுது" என்றாள். நான் பதினெட்டு வருஷம் அந்தப் பாயில் படுத்தவன், அதே வேலை பார்த்த என் அப்பாவுக்குப் பக்கத்தில். அதனால் எழுதினேன்.)

3

நாற்பதாம் நாள் வேலாயுதம் வந்தான். கையில் ஒரு புதுச் சவுக்காரக் கட்டி.

"வா மாப்ளே," என்றாள் மாமியார் செல்லம்மாள். "நீ வர்றேன்னு காத்து முன்னாடியே வந்து சொல்லிட்ச்சி."

"இவள கூட்டினு போவ வந்தேன் அத்தே."

தனகோடி தாயை முறைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "மூணாவது மடு வரைக்கும் வா. நல்லாக் குளி. அப்புறம் சொல்றேன், வர்றனா இல்லியான்னு."

கிளம்பினார்கள். ஆறு வற்றி வெறும் பாறையாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை, நடுவில் கால் வைக்க முடியாத சூடு. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவன் பாதம் குழந்தைப் பாதம்போல மிருதுவாகியிருந்தது. தீ மிதிப்பவன் மாதிரி குதித்துக் குதித்து வந்தான். முதல் மடு வெறும் சேறு. இரண்டாவதில் கணுக்கால் தண்ணீர்.

"அந்தக் குழி இன்னும் எவ்ளோ தூரம்?"

"குழியில்லய்யா, மடு."

"சரி, மடுக்குழி."

அவள் முந்தானையை நீளமாக இரண்டு கிழி கிழித்து அவன் காலில் கட்டினாள். "கால வச்சினு இருக்கான் பாரு, வாழத்தண்டு மாதிரி" என்று திட்டிக்கொண்டே கட்டினாள். முடிச்சு என்னவோ மெதுவாகத்தான் போட்டாள்.*

* கிழிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. ஏதாவது இலையைக் கட்டுவாள் என்றுதான் எழுத ஆரம்பித்தேன்.

4

மூன்றாவது மடு ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. உதிர்ந்த இலையெல்லாம் ஊறித் தண்ணீர் பழுப்பாக நின்றது. வேலாயுதம் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம பட்டைக்குழி!"

ஷெட்டில் பட்டைத் தண்ணீரைப் பதம் பார்ப்பதுபோலவே விரலை நனைத்து நாக்கில் வைத்தான். "கம்மி. சாறு இன்னும் எறங்கல."

நாற்பது நாளில் முதல் தடவையாகத் தனகோடி சிரித்தாள். சிரிப்பு முடியவில்லை. அதற்குள் அவன் கால்கட்டை அவிழ்த்து, வேட்டியை மடித்து, சவுக்காரத்தோடு இறங்கினான். தினமும் காலையில் இறங்குவானே, அப்படி. பாராமல், நேராக ஒரு கால். பதினாலு வருஷமாக அவன் இறங்கிய குழியெல்லாம் இடுப்பளவுதான்.

ஆள் இல்லை. பழுப்புத் தண்ணீரில் ஒரு வட்டம் மட்டும்.

(இங்கே அவனைச் சாகவிட்டால் இதை உயர்ந்த கதை என்பார்கள். எங்கள் ஆட்களைக் கதைக்காகச் சாகடித்தது போதும்.)

தனகோடி குதித்தாள். முடி கையில் சிக்கியது. ஒரே இழுப்பில் பாறைத்தட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். அங்கே இடுப்பளவு.

"ஆழம்னு சொல்லக்கூடாதா?" என்று இருமினான்.

"மடு, மடுன்னு கத்தினனே! மடுன்னா இன்னான்னு நெனச்சே?"

"குழின்னு நெனச்சேன்."

சவுக்காரம் அடியில் போய்விட்டது. அவள் அழுக்கு எடுக்கும் உசிலை இலையைப் பறித்துக் கல்லில் நசுக்கி, அவன் முதுகு, கை, நகக்கண் எல்லாம் தேய்த்தாள். வெயில் பாறையைத் தாண்டும்வரை தேய்த்தாள்.  பிறகு அவன் கழுத்தைச் சாய்த்துக் காட்டினான்.

"போச்சா?"

அவள் மூக்கைக் கொண்டுபோனாள்.

5

முடிவு ஒன்று: "போச்சு" என்றாள். பொய். என் அப்பாவைப் புதைக்குமுன் குளிப்பாட்டினோம். அப்போதும் போகவில்லை.

முடிவு இரண்டு: "போவல" என்று கரையேறினாள். அவன் தனியாகக் காட்பாடிக்கு நடந்...

அந்த முந்தானைக் கிழிசல் கரையில் கிடந்தது. மேலே எழுத முடியவில்லை.

முடிவு மூன்று உங்களுடையது. ஒரே நிபந்தனை: நாற்றம் போகவில்லை. அதை மாற்றக் கூடாது. அந்த உண்மையையும் சொல்லி, அவளை அவனோடு ஆம்பூருக்கு மலையிறங்கவும் வைக்க வேண்டும். எனக்கு அந்த வாக்கியம் கிடைக்கவில்லை. பந்தியில் அந்த அம்மாளுக்குக் கிடைத்திருந்தது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், உதவும். மோந்து பார்க்கும்போது அவள் கை மறுபடி அவன் முடியைப் பிடித்தது, இன்னும் விடவில்லை. அதை நான் எழுதவில்லை, அவளாகச் செய்தாள்.

சீக்கிரம் சொல்லுங்கள். தண்ணீர் சில்லென்றிருக்கிறது. அவன் இன்னும் கழுத்தைச் சாய்த்தபடிதான் நிற்கிறான்.