பாலாகிப்போன களைமருந்து

மூடியைத் திறந்ததும் புன்சோங்குக்கு மூச்சு நின்றுவிட்டது. நின்ற மூச்சு கரும்புக்காட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்பி வந்தது.

முதுகில் மாட்டி மருந்தடிக்கிற டேங்குக்குள் பால்! வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பால்!

அவசரத்தில் உள்ளே பார்க்காமலே மருந்தும் தண்ணீரும் ஊற்றி, இரண்டு வரிசை அடித்தும் ஆகிவிட்டது.

களைமருந்தில் அவர் வாங்குவது உப்பு வகை. தண்ணீரில் கரைந்து, பால் ஊற்றாத டீயாகக் கிடக்கும். விழுந்த இடத்தை விட்டு நகராது. களையைக் கொல்லக்கூட நிதானமாக யோசிக்கும். எண்ணெய் வகைதான் தண்ணீர் பட்டதும் பாலாகும். இலையின் மெழுகைத் துளைத்து இறங்கி, களையை மறுநாளே சுருட்டிவிடும். வெயில் ஏறினாலோ ஆவியாகி, அழைக்காத தோட்டத்துக்கெல்லாம் விருந்துக்குப் போகும்.

இன்று வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று வேறு வேலியைத் தாண்டி, பக்கத்துத் தோட்டக்காரி லம்துவானின் பப்பாளிகள் பக்கம் வீசியது. எந்த வகையானாலும் ஒரு சொட்டு பட்டால் தலை கவிழ்கிற ஜன்மம் பப்பாளி. கோன்கேன் ஊரில் சோம்தாம் என்கிற பப்பாளிக்காய்ச் சாலட் இடிக்கிற உரல்கள் அத்தனைக்கும் காய் அங்கிருந்துதான். லம்துவானின் மகனுக்குத்தான் இவர் மகள் பிம்மைப் பேசியிருந்தது. லம்துவான் வாயைத் திறந்தால் பாங்காக் ரயிலே ஒதுங்கி நிற்கும். பப்பாளி சுருண்டால் கல்யாணமும் சுருண்டது!

மருந்துக் கேனைத் தூக்கிப் பார்த்தார். லேபிள் மழையில் கரைந்திருந்தது. கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான்!

"என்ன சம்பந்தி, பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?" வேலிக்கு அப்பால் லம்துவான்.

"ஒண்ணுமில்ல சம்பந்தியம்மா... டேங்கு... வெள்ளையா..." நாக்கு உளறியது.

எட்டிப் பார்த்தவள் கரும்பெல்லாம் ஆடச் சிரித்தாள். "அட மனுசா! அது என் பூச்சி எண்ணெய். நேத்து நீங்க சந்தைக்குப் போயிருந்தப்ப, பப்பாளியில மாவுப்பூச்சிக்கு அடிக்க உங்க டேங்கை எடுத்துட்டுப் போனேன். மிச்சத்தைக் கொட்டாம வெச்சுட்டேன். இதுக்கா இந்த நடுக்கம்? நாளைக்கு மாப்பிள்ளையைப் பாத்தா மயங்கி விழுவீங்க போல!"

புன்சோங் மூச்சை விட்டார். பாதி விடும்போதே ஒன்று உறைத்தது. போன வாரம் களைமருந்து அடித்ததும் அதே டேங்கில்தான். வாங்கின நாளிலிருந்து அவர் அதைக் கழுவியதே இல்லை.

"எண்ணெய் ஊத்துறதுக்கு முன்னாடி... கழுவுனீங்களா?"

"நான் எதுக்குக் கழுவணும்? உங்க சாமானாச்சே, சுத்தமாத்தானே இருக்கும்!"

அவர் கண் அவள் தோளைத் தாண்டிப் போனது. முதல் வரிசைப் பப்பாளிகளின் குருத்துகள் கல்யாணப் பெண் மாதிரி கழுத்தை வளைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அங்க அப்படி என்னத்தைப் பாக்குறீங்க?" என்றபடி லம்துவான் திரும்பத் தொடங்கினாள்.