சர்க்கரை வாங்கப் போனவள்

ரசமட்டத்துக்கு எடைக்கல் வாங்கி வா என்று கூட வேலை செய்யும் தம்மோ அனுப்பியபோது இம்கே நிஜமாகவே போனாள். குமிழி ஆடுகிற பலகைக்கு எடைக்கல் எதற்கு என்று யோசிக்கத் தோன்றவில்லை. கொத்து வேலை பழக வந்து முதல் வாரம், அவளுக்கு என்ன தெரியும்? இரும்புக்கடைக்காரர் சிரிப்பைக் காட்டிக்கொள்ளாமல், "அடடா, இப்பத்தான் தீர்ந்துபோச்சு, தச்சுப் பட்டறையில கேட்டுப் பாரு" என்றார். தச்சர் பெயிண்ட் கடைக்குக் கைகாட்டினார். பெயிண்ட் கடைக்காரி ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்து, "பத்திரம், கீழ போட்டா அளவு மாறிடும்" என்றாள். அதைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு இம்கே திரும்பியதும் சாரத்தின் மேல் நின்றவர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

ஜெர்மனியின் கிழக்கு ஃப்ரீசியாவில் தொழில் பழக வருகிறவர்களுக்கு இதுதான் வரவேற்பு. ஊரே கூட்டுச் சேர்ந்து காதில் பூ சுற்றும். கேட்டால், நாங்களும் இப்படிப் போய் வந்தவர்கள்தான் என்பார்கள். தான் பட்ட அவமானத்தை அடுத்தவர் தலையில் இறக்கி வைக்கிறவரைக்கும் மனிதருக்குத் தூக்கம் வருவதில்லை போலிருக்கிறது.

அடுத்து, செங்கல் தூக்கும் காந்தம் கேட்டுப் போனாள். அதற்கடுத்து, பூசும்போதே கோடு விழுகிற பெயிண்ட். அன்றைக்கு வேலையாட்கள் தேநீர் குடிக்கும் தகரக் கொட்டகைக்குள் போய் ஆத்திரத்தில் அழுதாள். மேஸ்திரி ரெம்மர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அழுதா இன்னும் அனுப்புவானுங்க."

"வேற என்ன பண்ணச் சொல்ற, ரெம்மர்?" அங்கே மேஸ்திரி முதல் நேற்று வந்தவர் வரை எல்லாரும் எல்லாருக்கும் நீதான்.

"திருப்பிக் குடு. திருப்பிக் குடுக்கத் தெரியாதவங்க இந்த வேலையில நிக்க மாட்டாங்க."

நிற்க வேண்டும் என்பதுதான் இம்கேக்கு உயிர்ப் பிரச்சினை. கோட்டிங்கனில் சட்டம் படித்து, பாதியில் விட்டுவிட்டு வந்தவள் அவள். படித்த காலம் முழுக்க நெஞ்சில் ஒரு பாரம். இங்கே, தன் கையால் வைத்த முதல் சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது அது மயிரிழை பிசகாமல் நின்றது. அந்தச் சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன் எந்தப் பரீட்சையிலும் கிடைத்ததில்லை. அப்பா ஓல்டன்பர்க்கில் பத்திரப் பதிவு வக்கீல். "ஆசை தீர்ந்ததும் வா, உன் ரூமை அப்படியே வெச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த அறைக்குத் திரும்புவதைவிடக் கல் சுமந்து முதுகு ஒடிந்தாலும் தேவலை என்றிருந்தாள். சோதனைக் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதுவரைக்கும் முதலாளியம்மா காரணம் சொல்லாமலே வெளியே போ என்று சொல்லலாம். அதைத் தாண்டிவிட்டால் தொழில் பழகி முடிகிற வரைக்கும் அவளை யாரும் லேசில் அசைக்க முடியாது.

புதன்கிழமை தளம் போடும் வேலை. கோடை முடிந்தும் வெயில் கொளுத்தியது. கான்கிரீட் லாரி வரும் வழியில் கால்வாய்ப் பாலத்தைப் படகுகளுக்காகத் தூக்கிவிட்டார்கள். உல்லாசப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடி அசைந்து போய் முடியும்வரை லாரி வெயிலில் காய்ந்தது. ஒருவழியாக வந்து சேர்ந்து, கொட்ட ஆரம்பித்ததும் எஞ்சின் இருமி அணைந்தது. சுற்றிக்கொண்டிருந்த உருளை நின்றுவிட்டது. உள்ளே முக்கால்வாசிக் கலவை அப்படியே இருந்தது.

தம்மோ ஓடி வந்தான். "இம்கே! சைக்கிளை எடு. கடையில இருக்கிற சர்க்கரை எல்லாத்தையும் வாங்கிட்டு வா. கம்பெனி கணக்குல எழுதிக்கச் சொல்லு."

"சர்க்கரையா?"

"கான்கிரீட்டுல போடணும். சத்தியமா விளையாட்டில்ல, ஓடு!"

காந்தத்துக்கு அனுப்பியபோதும் இதே சத்தியம்தான், இதே பதற்றம்தான். இம்கே ரெம்மரைத் தேடினாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். சாரத்தின் மேல் யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ, அவளுக்கு அது தன்னைப் பார்த்துச் சிரித்ததாகவே பட்டது.

"பாலும் வாங்கிட்டு வரட்டுமா?" என்றாள்.

"போ, போ!"

போனாள். கடைவரை போகவில்லை. கால்வாய்க் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பையில் இருந்த ரொட்டியைப் பிய்த்துப் பாதியைத் தானும் மீதியை வாத்துகளும் தின்னும்படி சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. தம்மோதான். தவிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அத்தனை வாரங்களில் முதல்முறையாக அவளுக்கு மனசு லேசாக இருந்தது. இனி தானும் இவர்களில் ஒருத்தி என்று நினைத்தாள்.

போதுமான நேரம் போனதும் எழுந்து வந்தாள். பின்பக்கமாகக் கொட்டகைக்குள் நுழைந்து, தேநீர்க் கல்கண்டு டப்பாவிலிருந்து ஒரே ஒரு கல்கண்டை எடுத்தாள். அதைத் தன் கொத்துக்கரண்டியின் நடுவில் வைத்து, கல்யாண வீட்டில் பரிமாறுகிறவளைப் போல நிமிர்ந்து நடந்து தம்மோவின் முன் நீட்டினாள்.

"இந்தா, சர்க்கரை. கலக்கிக் குடி."

ஒருவரும் கைதட்டவில்லை. லாரிக்காரர் சட்டையெல்லாம் நனைந்து உருளையின் மேலே உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு கம்பி. அதை உள்ளே விட்டுக் குத்தினார். டங் என்று கேட்டது.

சர்க்கரை விழுந்தால் கான்கிரீட் இறுகாது. இது எந்தக் கேலியிலும் சேராத, கலப்பு இல்லாத உண்மை. வழியில் லாரி நின்றுபோனால் அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் முதலில் தேடுவது சர்க்கரையைத்தான். அவள் கரையில் ரொட்டி தின்ற நேரத்தில் அந்த உருளை முழுசாக ஒரு பாறாங்கல்லாகிவிட்டது. இனி யாராவது உள்ளே தவழ்ந்து போய் உளியால் உடைக்க வேண்டும்.

தம்மோவின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் சத்தியம் பண்ணேனே, இம்கே" என்றான், அழுகிற குரலில்.

"எப்பத்தான் பண்ணல?"

அவன் திரும்பி உருளையைப் பார்த்தான். யார் என்ன சொன்னாலும் அது இளகப் போவதில்லை.

மறுநாள் ஓல்ட்மன்ஸ் அம்மா, அந்தக் கம்பெனியின் முதலாளி, அவளை வீட்டுக்கே கூப்பிட்டார். மேசையில் தேநீர் வைத்திருந்தார். ரெம்மரும் உட்கார்ந்திருந்தார். இம்கே எதையும் மறைக்கவில்லை. எடைக்கல், காந்தம், பெயிண்ட் எல்லாவற்றையும் சொன்னாள். திருப்பிக் கொடு என்று ரெம்மர் சொன்னதையும் சொன்னாள்.

"சொன்னேன்தான்" என்றார் ரெம்மர் மேசைவிரிப்பைப் பார்த்து.

அம்மா கோபப்படவே இல்லை. அவளுடைய கோப்பையில் தேநீரை ஊற்றி, பாலேட்டை ஓரமாக விட்டார்.

"நானும் கொத்து வேலை பழகித்தான் வந்தேன். என்னையும் எடைக்கல்லுக்கு அனுப்பினாங்க. ரெண்டாவது தடவையே எனக்குப் புரிஞ்சுபோச்சு, இது பொய்யின்னு."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"போனேன். ஒவ்வொரு தடவையும் போனேன். போன்னு சொன்னா போறவங்கதான் எனக்கு வேணும். நீ கெட்டிக்காரி, உன் சுவரையும் பார்த்தேன், நல்லா இருக்கு. ஆனா நீ யோசிச்சு நின்னுட்ட."

"பொய்யின்னு தெரிஞ்சும் போகணுமா?"

"ஆமா."

"அதைப் பழகத்தானா இவ்வளவு பேர் சேர்ந்து சிரிச்சாங்க?"

அம்மா புன்னகைத்தார். வெள்ளிக்கிழமை முதல் வரவேண்டாம், வேலைநீக்கக் காகிதம் தபாலில் வரும் என்றார். அதே மூச்சில், ஆறிப்போகும், குடி என்றார்.

முட்டாளாக இருந்திருந்தால் இன்றைக்கு அவள் கொத்தனார். மூக்கறுபட மறுத்த ஒரே ஒரு நாள், அவள் கையிலிருந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது. அதை எடுத்துக்கொண்டவர்கள் எதிரில் உட்கார்ந்து உபசாரம் செய்கிறார்கள். நல்ல சுவர் என்று வேறு சொல்கிறார்கள்.

ஒரு மடக்கில் குடித்தாள், தொண்டை வெந்தது. அம்மா மறுபடி ஊற்றக் கெண்டியைத் தூக்கினார். அந்தச் சீமையில் விருந்தாளி மூன்று கோப்பை குடித்தாக வேண்டும். போதும் என்றால் ஸ்பூனைக் கோப்பைக்குள் போட வேண்டும், அதையும் மூன்றுக்கு முன்னால் யாரும் செய்வதில்லை. இம்கே முதல் கோப்பையிலேயே ஸ்பூனைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

ரெம்மர் தலை நிமிர்ந்தார். ஓல்ட்மன்ஸ் அம்மாவின் முகம் குப்பென்று சிவந்தது. லாரி பாழானதற்குக்கூட அது அப்படிச் சிவக்கவில்லை.

"வளர்ப்பு சரியில்ல" என்றார் ரெம்மரிடம், அவள் கதவைத் தாண்டுவதற்குள். "அவ போகட்டும்னு நான் சொன்னது சரிதான்."