மறுபக்கத்துப் பாரம்

கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு என்னுடையது. என் வீட்டுக்காரர் சின்னக்கருப்பன் போய்ச்சேர்ந்த பிறகுதான் அதற்கு நோய் நொடியெல்லாம் ஞாபகம் வந்தது. வலது தோள் வலித்தது. சோறு இறங்கவில்லை. தூக்கம் கிட்டேயே வரவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. பக்கத்து வீடுகளில் இப்போது வேலைக்கு வந்த நேப்பாளத்துப் பையன்கள். சிரிப்பார்கள், பேச்சு புரியாது. சில நாள் என் குரலையே நான் கேட்பதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுவது மிஷினில். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் தூக்கிப் பிடித்து நடக்க வேண்டும். இத்தனை வருடம் அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர்தான். இப்போது காளியண்ணன். தோள் போனால் வேலை போகும், வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். வீட்டுக்காரர் சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிற வீடு. கங்காணி வேறு, "முடியலன்னா சொல்லிரு வடிவம்மா, வேற ஆளப் போடுறேன்" என்று நல்லவர் மாதிரியே சொல்லிவிட்டுப் போனார்.

ரிங்லெட் டவுன் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண்.

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல ஆன்டி. வீட்ல ஏதாச்சும் நடந்துச்சா?"

"புருஷன் செத்துட்டாரு."

"அழுதீங்களா?"

"இல்ல."

"துக்கம் உடம்புலயும் இறங்கும் ஆன்டி. அதான் தூக்கமில்ல, தோளெல்லாம் இறுகிக் கெடக்கு."

எனக்குக் கோபம் வந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாளே என்று அவள் கொடுத்த தைலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மேட்டு வரிசையில் பாதி தூரம் போனதும் காளியண்ணன் மிஷினை நிறுத்தினார்.

"ஏம்மா வடிவு, என்னப் பாத்தா சீக்காளி மாதிரியா இருக்கு?"

"ஏண்ணே?"

"பின்ன? கைய நடுவுல நீட்டிப் புடிச்சி என் பாரத்தயும் நீயே தூக்கிட்டு வர்ற. உன் பக்கத்த மட்டும் புடி லா."

குனிந்து பார்த்தேன். வலது கை பிடியை விட்டு நடுக்கம்பி வரை போயிருந்தது. கடைசி மாதங்களில் என் வீட்டுக்காரருக்கு மேட்டில் மூச்சு வாங்கும். கங்காணிக்குத் தெரியக்கூடாதென்று அப்படித்தான் எட்டிப் பிடித்து அவர் பாரத்தை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். அவருக்குத் தெரியும், ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்போதெல்லாம் தோள் ஒரு நாளும் வலித்ததில்லை.

கையை இழுத்து என் பிடியில் வைத்தேன். மிஷின் மறுபடி கிளம்பியது. தோளில் பாரமே இல்லை. எவ்வளவு சுகமாக இருந்தது! அந்தச் சுகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாவு வீட்டில் வராத அழுகை செடிகளுக்கு நடுவே வந்தது.

"ரொம்ப வலிக்குதா?" மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார் காளியண்ணன்.

"வலிக்கலண்ணே," என்றேன். "அதான் அழுவுறேன்."