நஞ்சுண்டன் வாய்க்கால் வல்லாரை

நீலகிரிமலைப் பைகாரா அணையிலிருந்து கரண்டு கம்பம் கம்பமாக நடந்து கிணத்துக்கடவுப் பக்கம் வந்து சேர்ந்தது. நஞ்சுண்டன் கிணற்றில் மோட்டார் ஓடியது. பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமிக்குத் தூக்கம் போனது. இரண்டும் ஒரே நாளில் நடந்தன.

நஞ்சுண்டன் அந்நியனாக இருந்திருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம். சித்தப்பன் மகன், ஒரே பூமியைப் பாகம் பிரித்துக்கொண்ட பங்காளி. ஆறுச்சாமி விடியுமுன் மாடு பூட்டி, மாடு இழுக்கிற வடத்தின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கம் காய்த்துப்போகத் தண்ணீரைச் சால் சாலாக இறைத்து, ஒரு பாத்தி நனைப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். அங்கே அவனோ ஒரு கைப்பிடியைத் தள்ளிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவான். தண்ணீர் தன்பாட்டுக்குக் கொட்டும். அவன் வாழை காற்றில் ஆடினால்கூடத் தன்னைப் பார்த்துத்தான் ஆடுகிறது என்று ஆறுச்சாமிக்குப் படும். நெஞ்சு படபடக்கும். சோறு இறங்காது.

பொறுத்துப் பார்த்த முத்தாத்தாள், புருஷனை இழுத்துக்கொண்டு போய்க் கோயமுத்தூர் வரதராஜுலு வைத்தியர் முன்னால் உட்கார வைத்தாள்.

வைத்தியர் நாடி பிடித்தார். "மனசுல ஏதாச்சும் பாரம் உண்டா?"

"ஒண்ணுமில்லீங்க. மழைதானுங்க சரியில்ல" என்றார் ஆறுச்சாமி.

"மோட்டாருங்க" என்றாள் முத்தாத்தாள்.

"அடடே, மோட்டார் வச்சிருக்கீங்களா? ரிப்பேரா?"

"நம்முளுது இல்லீங்க. பக்கத்துத் தோட்டத்துது. அது நல்லா ஓடுதுங்க. அதுதானுங்க இவுங்களுக்குச் சீக்கு."

சிரிப்பை மறைக்க வைத்தியர் ஒரு தும்மல் போட்டார். பச்சை வல்லாரையைப் பாலில் அரைத்துக் காலையில் குடிக்கவும், அதையே எண்ணெயில் காய்ச்சித் தலைக்கு வைக்கவும் சொன்னார். "காஞ்ச இலை ஆகாது. ஈரம் காயாத வாய்க்கால் ஓரத்துல படர்ந்திருக்கும், பறிச்சுக்கோங்க."

மருந்து வேலை செய்தது. படபடப்பு தணிந்தது. கண்கூடக் கொஞ்சம் அசந்தது. "எலையில என்னமோ இருக்குது புள்ள" என்று மெச்சிய ஆறுச்சாமி அதோடு விட்டிருக்கலாம். "எங்க பறிக்கறே?" என்று கேட்டுத் தொலைத்தார்.

ஈரம் காயாத வாய்க்கால் அந்தப் பக்கத்தில் யாருக்கு இருக்கிறது? முத்தாத்தாள் அம்மியைக் கழுவினாள்.

"அவன் தண்ணியில மொளச்சதையா எனக்குக் குடுத்தே?"

"தண்ணியில பேரா எழுதியிருக்குதுங்க?"

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னுங்க? 'அண்ணனுக்கு எப்படியிருக்குதுங்கண்ணி'ன்னு தெனமும் விசாரிக்குது, பாவம்."

அந்தப் 'பாவம்' ஆறுச்சாமியைச் சுட்டது. தூக்கம் மறுபடியும் விடைபெற்றுக்கொண்டது. வல்லாரை வேண்டும், ஆனால் தன் கிணற்றுத் தண்ணீரில் தழைத்த வல்லாரை வேண்டும்.

வியாழக்கிழமை. நஞ்சுண்டன் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருப்பான் என்று நம்பி, உச்சி வெயிலில் வேலியைத் தாண்டினார். சேற்றில் மண்டியிட்டு ஒரு பத்தையை வேரோடு பெயர்த்துத் துண்டில் கட்டும்போது பின்னால் குரல் கேட்டது.

"ஏனுங்கண்ணா, ஒரு வார்த்தை சொன்னா நானே கொண்டாந்து குடுத்திருக்க மாட்டனுங்களா? துண்டெல்லாம் சேறாயிப்போச்சு பாருங்க."

திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். இப்படிப் பேசுகிறவனை என்ன செய்வது? நஞ்சுண்டன் குனிந்து, இருப்பதிலேயே கொழுத்த பத்தையாகத் தோண்டி அவர் துண்டில் வைத்தான்.

"இதுக்கு ஈரம் காயக்கூடாதுங்க. வாய்க்காலைக் கொஞ்சம் உங்க பக்கம் திருப்பி உடட்டுங்களா?"

"எங்கிணத்துலயும் தண்ணி இருக்குது!"

இருந்தது, ஆழத்தில். மாடு இறைக்கிற தண்ணீர் மத்தியானத்துக்குள் மண்ணோடு போய்விடும். கிணற்றோரம் நட்ட வல்லாரை தலையைத் தொங்கப் போட்டது. நஞ்சுண்டன் பார்த்துவிடுவானே! பொழுதோடு மாட்டை அவிழ்த்துவிட்டு ஆறுச்சாமி குடத்தை எடுத்தார். கிணற்றுப் படியில் இறங்குவதும் ஏறுவதும் ஊற்றுவதுமாகக் கிடந்தார்.

"மாட்டுக்குக்கூட இந்நேரம் லீவு உட்டாச்சுங்க" என்று திட்டிக்கொண்டே முத்தாத்தாளும் ஒரு குடத்தோடு இறங்கினாள்.

செடி பிழைத்தது. ஆனால் ஒரு இலையைப் பறிக்க அவருக்கு மனசு வரவில்லை. அது தேறட்டும் என்றார். ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் கம்மஞ்சோற்றில் கை வைத்தவர், கை வைத்தபடியே தூங்கிப்போனார்.

கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. முத்தாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். உடம்பு பஞ்சாக இருந்தது. சோம்பல் முறித்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் பக்கம் நஞ்சுண்டன் தூங்குனானாமா?"

"அதையேனுங்க கேக்கறீங்க! இப்பத்தான் வந்துட்டுப் போச்சு. கரண்டு நின்னுபோகுமோ, மோட்டார் பொகஞ்சுபோகுமோன்னு அதுக்குக் கண்ணே மூடறதில்லையாமா. 'அண்ணன் எப்படித் தூங்கறாருங்க பாருங்கண்ணி'ன்னு நின்னு பார்த்துட்டு, பெருமூச்சு உட்டுட்டுப் போச்சு."

ஆறுச்சாமியின் முகம் மலர்ந்தது.

"மறுக்கா வருவானா?"

"வாரேன்னுதான் சொல்லுச்சு."

ஆறுச்சாமி போர்வையை இழுத்து மறுபடியும் படுத்தார். துளித் தூக்கம் இல்லை. ஆனாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வந்தா இங்கயே கூட்டிட்டு வா" என்றார்.